அரணமும் அணியும்: ஓசூர்ச் சாலையில் காலணியின் கதை

ஓசூர் சிப்காட் பகுதியில் மாலை ஷிப்ட் முடிகின்ற நேரத்தில் ஏதேனும் ஒரு தொழிற்சாலை வாயிலருகே நின்று, வெளியே வருகின்றவர்களின் முகங்களை விடுத்துக் கால்களை மட்டும் கவனித்தால் ஒரு விந்தை புலப்படும். சற்று முன்புவரை உள்ளே கனத்த தோல் ஷூவுக்குள் இருந்த கால்கள்தாம் அவை. வாயிலைத் தாண்டும்போது அவற்றில் இருப்பது ரப்பர் செருப்பு. ஷூ லாக்கரில் உறங்கப் போய்விட்டது. செருப்புக் கால் கியரை மிதிக்கிறது. வண்டி பாகலூர்ச் சாலையிலோ இராயக்கோட்டைச் சாலையிலோ விரைகிறது.

மூடிய கூரையின்கீழ், மஞ்சள் கோடு போட்ட தரையில், நடந்து செல்லும் வேகத்தில் இயங்கும்போது காலுக்குக் காவல் இருக்கிறது. லாரிகளும் பேருந்துகளும் நாய்களும் குறுக்கிடும் திறந்த சாலையில், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது காவல் இல்லை. இந்த முரணைப் பல ஆண்டுகளாக நாமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், பொருட்படுத்தியதில்லை. பகலில் வகுப்பும் இரவில் ஒப்பந்தப் பணியுமாக இருந்த மாணவர் ஒருவர் ஒருநாள் வகுப்புக்கு வரவில்லை. குறுக்கே வந்த நாய்க்காக பிரேக் பிடித்ததில் வண்டி இடப்புறமாகச் சாய்ந்து, வண்டிக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே கால் சிக்கிச் சில அடிகள் இழுபட்டிருக்கிறது. தலைக்கவசம் அணிந்திருந்தார், தலைக்கு ஒன்றுமில்லை. செருப்பு முதல் நொடியிலேயே கழன்றுவிட்டது. கணுக்காலின் தோலும் சதையும் போய், ஒட்டுத்தோல் வைத்து, ஒரு பருவத் தேர்வையே இழந்தார். பார்க்கப் போனபோது அவர் சொன்னது இது: "ஷூ லாக்கர்ல தாங்க ஐயா இருந்துச்சு."

அந்த ஒரு வாக்கியம் நம்மை வெகுநாள் விடவில்லை. கையெட்டும் தூரத்தில் இருந்த காவலை ஏன் கழற்றிவைத்துவிட்டு வந்தார்? அவருடைய கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஓர் ஊரே அப்படிச் செய்கிறது என்றால் அதன் வேர் தனிமனிதரிடம் இருக்க முடியாது. நம்மிடையே காலணி என்ற பொருள் எந்த அர்த்தங்களைச் சுமந்து வந்திருக்கிறது என்று தேடத் தொடங்கினோம். தமிழ் படித்தவர்களுக்கு இயல்பான வழக்கப்படி, சொற்களிலிருந்தே தொடங்கினோம்.

சொல்லில் இருந்த அரண்

பெரும்பாணாற்றுப்படையில் வணிகர்கள் நெடுவழியில் செல்கின்ற காட்சி ஒன்று உண்டு. மலைபடு பொருளும் கடல்படு பொருளும் விற்கச் செல்லும் அவர்கள் சட்டை அணிந்திருக்கிறார்கள். இடையில் வாள் இருக்கிறது. மார்பில் ஆறிப்போன அம்புக் காயங்களின் தழும்புகள் இருக்கின்றன. அவர்கள் காலில் அணிந்திருப்பதற்குப் புலவர் உருத்திரங்கண்ணனார் ஆளும் சொல் 'அரணம்'. பாதத்தை மறைத்துக் காக்கின்ற அரண் என்பது பொருள். கோட்டைக்கும் கவசத்துக்கும் உரிய சொல் அங்கே காலுக்கு வருகிறது. நெடுவழி ஆபத்தானது, ஆகவே சட்டையும் காலரணமும் வேண்டும் என்பது அந்தச் சாத்தர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் செல்பவர்க்கு வல்லுநர்கள் பரிந்துரைக்கும் மேற்சட்டையும் பூட்ஸும் அதே இரண்டு பொருள்கள்தாம்.

அதே புலவரின் பட்டினப்பாலை எயினர்களின் காலில் இருப்பதைத் 'தொடுதோல்' என்கிறது. தைத்த தோல் என்பது பொருள். முட்காட்டில் வேட்டையாடுகிறவனுக்கு அது தொழிற்கருவி. பின்னாளில் சேக்கிழார் பாடிய கண்ணப்பரும் வேடர். செருப்புக் காலோடு இறைவன் திருமேனியில் அடையாளம் வைத்தவர். அந்தச் செருப்பு பக்தியின் எல்லையைக் காட்டுவதாக உரையாசிரியர்கள் விரித்திருக்கிறார்கள். அது முள்ளுக்கும் கல்லுக்கும் அஞ்சிய ஒரு காட்டுவாசியின் பாதுகாப்பும்கூட என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஓசூரில் இந்தச் சொல்லாராய்ச்சிக்கு ஒரு வசதி உண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் இது. நம்முடைய 'செருப்பு', தெலுங்கின் 'செப்பு', கன்னடத்தின் 'கெர' மூன்றும் ஒரே வேரின் கிளைகள் என்பது திராவிட மொழியியலார் முடிவு. தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுத்து வழக்கில் 'பாதரக்ஷை' என்ற வடசொல்லும் நிலைத்திருக்கிறது. நாமும் ஒரு காலத்தில் 'பாதரட்சை' என்று எழுதியவர்கள்தாம். பாதத்தைக் காப்பது என்ற பொருள் அதில் வெளிப்படையாக நிற்கிறது. இன்று எழுத்துத் தமிழில் பெருவழக்காக இருப்பது 'காலணி'. காலில் அணிவது என்று கொண்டால் குற்றமில்லை. ஆனால் 'அணி' என்றவுடன் அணிகலனும் நினைவில் ஓடிவந்துவிடுகிறது. அரணம் என்ற சொல்லில் இருந்த அச்சமும் எச்சரிக்கையும் இதில் இல்லை. சொல் மாறியதால் வழக்கம் மாறியது என்று வாதிட வரவில்லை. வழக்கம் எங்கே மாறியது என்பதற்குச் சொல் ஒரு தடயம், அவ்வளவே.

மானமும் அவமானமும்

அரணமாக இருந்த பொருள் நம் சமூகத்தில் வேறொரு கணக்கில் சேர்ந்துவிட்டது. பரதன் அரியணையில் வைத்த பாதுகை முதல், கோயில் வாசலிலும் பெரியவர் முன்னிலையிலும் கழற்றிவிடும் வழக்கம் வரை, காலில் இருப்பது மரியாதையின் அளவுகோலாயிற்று. மரியாதைக்கு மறுபக்கம் இழிவு. தோலைப் பதப்படுத்துகிறவரும் செருப்புத் தைக்கிறவரும் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். எல்லோருடைய காலையும் காத்தவர்க்குத் தம் காலைக் காத்துக்கொள்ளும் உரிமை மறுக்கப்பட்டது.

இது பொத்தாம் பொதுவாகச் சொல்வதன்று. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். நகை அணியக்கூடாது, பெண்கள் மேலாடை அணியக்கூடாது, பூச்சூடக்கூடாது என்று நீளும் அந்தப் பட்டியலில், ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது என்பதும் ஒன்று. 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே. எச். ஹட்டன் இதனைத் தம் சாதி பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார். ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டிய கட்டாயம் அந்த ஒரு மாவட்டத்தோடு நின்றதுமில்லை, அந்த ஆண்டோடு முடிந்ததுமில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், ஒருவருக்குச் செருப்பு மாலை அணிவிப்பதைத் தனிக் குற்றமாகவே எழுதவேண்டி வந்தது.

இந்த வரலாற்றினூடே வந்த ஒரு சமூகம் காலணியைப் பார்க்கும்போது முதலில் எதைப் பார்க்கும்? யார் அணியலாம், எங்கே அணியலாம், எப்போது கழற்றவேண்டும் என்பதைத்தான். எதிலிருந்து அது காக்கிறது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடும். ஷூ என்பது பணியின், பதவியின் சீருடை. செருப்பு என்பது வீட்டின், ஓய்வின் அடையாளம். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவர் வாயிலில் ஷூவைக் கழற்றும்போது கழற்றுவது தோலை மட்டுமன்று, மேற்பார்வையாளரையும்தான். அந்த விடுதலை உணர்வை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அது சாலையில் வந்து முடிகிறதே என்பதுதான் கவலை.

தோல் போன பாதை

காலைக் காக்கும் பொருள் கிடைக்காத நாடாக இருந்தால் இதைப் பேசிப் பயனில்லை. கிருஷ்ணகிரி நாற்சந்தியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் சாலையில் பர்கூரையும் நாட்டறம்பள்ளியையும் கடந்தால் வாணியம்பாடி, அதற்கப்பால் ஆம்பூர், பின்னர் இராணிப்பேட்டை. இந்தியாவின் தோல் தொழிலுக்குத் தலைமை தாங்கும் ஊர்கள் இவை. நம் கரட்டு நிலங்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையின் பட்டையைக் கொண்டு பதனிட்ட சென்னை மாகாணத் தோல், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கப்பலேறி இலண்டன் சந்தையில் தனிப்பெயர் பெற்றிருந்தது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினரின் பூட்ஸ் மேற்பகுதிகளுக்கு இந்தத் தோல் பெருமளவில் வாங்கப்பட்டது. ஐரோப்பியப் பதுங்குகுழிகளின் சேற்றில் நின்ற கால்களுக்கு நம் ஆவாரம்பட்டையும் ஒரு வகையில் அரணாயிற்று.

விடுதலைக்குப் பின், 1948-இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நிறுவப்பட்டது. பச்சைத் தோலையும் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்துவந்த ஊர்கள் படிப்படியாக முழுமையான ஷூக்களைச் செய்து அனுப்பத் தொடங்கின. இன்று ஆம்பூரில் தைக்கப்படும் ஷூ ஐரோப்பிய நகரங்களின் கடைகளில் விற்கிறது. பாலாற்று நீரும் நிலமும் அதற்குக் கொடுத்த விலை தனிக்கதை. அதை இங்கே விரிக்கவில்லை. நாம் சொல்ல வருவது, உலகத்தின் கால்களுக்கு உறை தைக்கின்ற ஊர்கள் இருக்கும் அதே நெடுஞ்சாலையில் நம் இளைஞர்கள் விரல்கள் வெளியே தெரிய வண்டி ஓட்டுகிறார்கள் என்பதைத்தான்.

செருப்புக்கு இணங்கிய எந்திரம்

ஓசூர் 1970-கள் வரை ஒரு சிற்றூர். சேலம் மாவட்டத்திலிருந்து 1965-இல் பிரிந்த தருமபுரி மாவட்டத்தின் எல்லையோர நகரம். 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் இங்கே தொழில் வளாகம் அமைத்த பின்னரே இதன் முகம் மாறியது. 1980-இல் இங்கிருந்து டிவிஎஸ் 50 மொபெட் சாலைக்கு வந்தது. இருவர் அமரத்தக்க அந்தச் சிறுவண்டி பால்காரரையும் பள்ளி ஆசிரியரையும் பூ வியாபாரியையும் எந்திர வேகத்துக்கு அறிமுகப்படுத்தியது. ஜப்பானின் சுசுகி நிறுவனத்துடனான கூட்டில் 1984-இல் 100 சிசி மோட்டார் சைக்கிள் வந்தது. கிருஷ்ணகிரி 2004-இல் தனி மாவட்டமாயிற்று. 2021-இல் ஏதர் நிறுவனத்தின் மின் ஸ்கூட்டர்கள் ஓசூரிலும், ஓலாவின் மின் ஸ்கூட்டர்கள் போச்சம்பள்ளியருகிலும் உற்பத்தியாகத் தொடங்கின. இருசக்கர வண்டியின் வரலாற்றை இந்த மாவட்டத்தை விட்டுவிட்டு எழுத முடியாது.

வண்டி வந்தது; அதை ஓட்டுவதற்குரிய உடை உடன் வரவில்லை. எந்திரமே நம் உடைக்கு இணங்கியது. நம் நாட்டு மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் கியர் மிதி முன்னும் பின்னுமாக இரு கிளையுடன் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கால்விரலின் மேற்புறத்தால் மிதியை மேலே தூக்கவேண்டிய இடத்தில், குதிகாலால் பின்கிளையை அழுத்தினால் போதும். செருப்பணிந்த வெறுங்காலுக்கு இது பெரிய ஆறுதல். பின்சக்கரத்தில் சேலைத் தலைப்பு சிக்காதிருக்க இடப்புறம் ஒரு தடுப்பு வந்தது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்னிருக்கையாளருக்குக் கைப்பிடியும் கால்வைப்பும், சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்கிறது. சேலையை எண்ணிப் பார்த்த சட்டம் பாராட்டுக்குரியது. கால்வைப்பைப் பற்றிப் பேசிய அதே சட்டம், அதன்மேல் வைக்கப்படும் காலைப் பற்றிப் பேசவில்லை.

தலைக்கு மட்டும் ஒரு வரலாறு கிடைத்தது. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று அறியப்பட்ட டி. இ. லாரன்ஸ் 1935-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருக்குச் சிகிச்சையளித்தவர்களுள் ஒருவரான நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், இராணுவத் தூதர்களின் விபத்துகளை ஆராய்ந்து 1941-இல் தலைக்கவசத்தின் பயனை எழுதினார். அங்கே தொடங்கிய பாதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 129-ஆவது பிரிவாக வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2007 ஜூனில் ஒருமுறையும், உயர் நீதிமன்ற ஆணையால் 2015 ஜூலையில் மறுமுறையும் தலைக்கவசக் கட்டாயம் முரசறையப்பட்டது. காலுக்கு அப்படி ஒரு லாரன்ஸும் இல்லை, ஒரு கெய்ர்ன்ஸும் இல்லை. காலடி உயிரைப் பறிப்பது அரிது. ஊன்றி நிற்கும் பிழைப்பைத்தான் பறிக்கும். 2019 செப்டம்பரில், திருத்தப்பட்ட சட்டப்படி செருப்பணிந்து ஓட்டினால் அபராதம் என்று ஒரு வதந்தி பரவியது. அப்படி எதுவுமில்லை என்று மத்திய அமைச்சரின் அலுவலகமே மறுக்க வேண்டியதாயிற்று. நாடு நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அபராதம் இல்லை என்பது மகிழ்ச்சிதான். தார்ச்சாலைக்கு அந்த மறுப்பு தெரியாது.

எதைத் தேர்வது?

வரலாறு பேசிவிட்டு வழி சொல்லாமல் போவது முறையன்று. ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் காலணிக்கென்றே 'ஈஎன் 13634' என்ற தரநிலை இருக்கிறது. இப்போதைய வடிவம் 2017-இல் வந்தது. அது நான்கு கேள்விகளைக் கேட்கிறது. மேற்பகுதி எவ்வளவு உயரம்? சாலையில் உராயும்போது எவ்வளவு நேரம் தாங்கும்? கூரிய விளிம்பு வெட்டினால் தாங்குமா? பக்கவாட்டில் நசுக்கினால் அடிப்பகுதி மடங்காமல் நிற்குமா? ஒவ்வொன்றுக்கும் ஒன்று அல்லது இரண்டு என்று மதிப்பெண். இம்முத்திரை பெற்ற பூட்ஸ் வாங்க வசதியுள்ளவர் வாங்கிக்கொள்ளலாம். வாங்க இயலாதவர்க்கும் அந்த நான்கு கேள்விகள் இலவசம்.

தொழிற்சாலைப் பாதுகாப்பு ஷூவை இக்கேள்விகளின் முன் நிறுத்திப் பார்ப்போம். இந்தியத் தரநிலை 'ஐஎஸ் 15298'-இன் இரண்டாம் பகுதிப்படி, அதன் விரல்முனை 200 ஜூல் மோதலைத் தாங்கவேண்டும். இருபது கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம் அது. இது மேலிருந்து விழும் பொருளை எண்ணிச் செய்தது. சாலையில் இழுபடுவதை எண்ணிச் செய்ததன்று. ஆகவே இரண்டும் ஒன்றே என்று சொல்ல மாட்டோம். ஆயினும் கணுக்காலை மறைக்கும் வகையாக இருந்தால் அது வெறும் ஷூவைவிடப் பல படி மேல். 2011-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று விபத்துக்குள்ளான 212 ஓட்டுநர்களைப் பரிசோதித்தது. சாதாரண ஷூ அணிந்தவர்களோடு ஒப்பிட, மோட்டார் சைக்கிளுக்கென்று செய்யப்படாத பூட்ஸ் அணிந்தவர்களுக்குக்கூடக் கால் காயத்தின் வாய்ப்பு பாதிக்கும் கீழே இருந்தது. அங்கே ஒப்பிடப்பட்டது ஷூவோடு. நம்மூரில் ஒப்பிட வேண்டியது ரப்பர் செருப்போடு.

வாங்கும்போது கையாலேயே சில சோதனைகள் செய்யலாம். கணுக்கால் எலும்பு இரண்டும் உள்ளே மறைய வேண்டும். குதிகால் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் எளிதில் அமுங்கக்கூடாது. அடிப்பகுதியை நடுவில் பிடித்துப் பக்கவாட்டில் நசுக்கியும் முறுக்கியும் பார்க்க வேண்டும்; துணிபோல வளைந்தால் வேண்டாம். பசையால் மட்டும் ஒட்டியதைவிடத் தையலும் சேர்ந்தது நல்லது. கயிற்றைக் கட்டியபின், அவிழ்க்காமல் குதிகாலைப் பிடித்து இழுத்தால் ஷூ கழன்று வருகிறதா என்று பாருங்கள். கடையில் கழல்வது சாலையிலும் கழலும். கயிற்றின் நுனியை உள்ளே செருகிவிட வேண்டும்; கியர் மிதியிலோ கால்வைப்பிலோ மாட்டினால், வண்டி நிற்கும்போது காலை ஊன்ற முடியாமல் போகும். இரும்பு முனை தடித்திருந்தால் அது கியர் மிதியின் கீழ் நுழைகிறதா என்று நின்ற வண்டியில் பழகிப் பார்க்க வேண்டும். இருகிளை மிதியுள்ள வண்டியில் இச்சிக்கல் குறைவு. சூடேறிய சைலன்சரில் கணுக்கால் வேகாமலிருக்கத் தோலே மேல். மெல்லிய செயற்கைத் துணி உருகும். பின்னே அமரும் குழந்தையின் குதிகால் சக்கரக் கம்பிகளுக்குள் போகாதிருக்க, குழந்தைக்கும் மூடிய ஷூ வேண்டும்.

வெயில் காரணம் சொல்லப்படுகிறது. வேலூர்க்காரர் சொன்னால் கேட்டுக்கொள்வோம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மார்கழிக் காலையில் பனிமூட்டத்தில் விளக்கெரித்து வண்டியோட்டும் ஓசூர்க்காரர் அதைச் சொல்ல முடியாது.

அரணம் என்ற சொல்லைச் சங்கப்புலவன் வெறுங்கற்பனையில் எடுத்துவிடவில்லை. வழியில் காயம்பட்டு மீண்டவர்களைப் பார்த்து எடுத்தான். செருப்பணியத் தடையிருந்த தெருக்களில் அதை அணிந்து நடப்பதே உரிமைப் போராட்டமாக இருந்தது. அந்த உரிமையைப் பெற்ற தலைமுறையின் பேரன்கள் இன்று ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறார்கள். காலைக் காத்துக்கொள்ளும் உரிமை வாயில்வரை மட்டும் என்று இப்போது எவரும் சொல்லவில்லை. ஷூவை வீட்டுக்குக் கொண்டுசெல்ல நிர்வாகம் அனுமதித்தால் லாக்கரில் விடாமல் அணிந்தே வண்டியேறலாம். அனுமதிக்காவிட்டால் அதைக் கேட்டுப் பெறலாம். தொழிற்சங்கங்கள் பேசத்தக்க செய்திதான் இது.

நம் மாணவர் மறுபருவத்தில் தேர்வெழுதித் தேறினார். இப்போது சற்றே சாய்ந்து நடக்கிறார். வண்டியில்தான் வருகிறார், காலில் அதே தொழிற்சாலை ஷூ. வகுப்பறைக்குள் நுழையும்போது அதன் ஓசை கேட்கும். நாம் ஒன்றும் சொல்வதில்லை.